நம்பிராஜனைப் பற்றி நல்லதாக ஒன்று

அத்தியாயம் 17

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் ஏட்டு உமாராணிக்கு மெயின் அருவியில், பெண்கள் குளிக்கிற பக்கம் டூட்டி போட்டுவிடுவார்கள். கையில் லத்தி இருந்தாலும் அவளுக்கு வேலை வாயால்தான். "எண்ணெயத் தேச்சுக்கிட்டு அந்தப் பாறையில ஏறாதீங்கம்மா", "ஏட்டி, கம்பிய விடாதே", "சங்கிலியக் கழட்டி வச்சுட்டுப் போங்க, அருவி கொண்டுபோன பொறவு எங்கிட்ட வந்து அழக் கூடாது" என்று காலையிலிருந்து கத்திக் கத்தி, மத்தியானம் தொண்டை கட்டிப்போகும்.

அன்றைக்கு அவள் வாயைத் திறக்கவில்லை. விசிலை மட்டும் ஊதிக்கொண்டு நின்றாள். சாரல் முகத்தில் அடித்தது. மனசெல்லாம் சாயங்காலம் வீட்டுக்கு வரப்போகும் வித்யாலட்சுமி மேல் இருந்தது.

வித்யாலட்சுமி நன்னடத்தை அலுவலர். போன வாரம் வீட்டுக்கு வந்து, "ஸ்வாதிக்குப் பதினெட்டு முடிஞ்சிருச்சு, அவங்க சம்மதிச்சா போதும், நான் பேசணும்" என்று சொல்லிவிட்டுப் போனவள். உமாராணியின் அக்கா மகள்தான் ஸ்வாதி. பேச வேண்டியது அவளுடைய அப்பா நம்பிராஜனைப் பற்றி.

ஆறு வருஷத்துக்கு முன்னால், செங்கோட்டையில், குடிவெறியிலும் சந்தேகத்திலும் உமாராணியின் அக்கா இசக்கிமணியை வெட்டிச் சாய்த்தவன் இந்த நம்பிராஜன். அம்மாவைக் கட்டிக்கொண்டு அலறிய நாலு வயசு மகன் மணிமுத்துவையும் அவன் அரிவாள் விடவில்லை. ஸ்வாதி அரையாண்டு லீவுக்குச் சித்தி வீட்டுக்குத் தென்காசி வந்திருந்ததால் தப்பித்தாள். அன்றிலிருந்து அவளுக்கு அம்மா, அப்பா இரண்டும் உமாராணிதான். "அந்தப் பிள்ளைய யார்கிட்டயாவது விட்டுட்டு வாரதா இருந்தா பேசுவோம்" என்று சொன்ன மாப்பிள்ளை வீட்டாரை உமாராணி வாசலோடு அனுப்பிவிட்டாள். அதற்கப்புறம் கல்யாணப் பேச்சே எடுக்கவில்லை.

கீழ்க்கோர்ட்டு நம்பிராஜனுக்குத் தூக்கு கொடுத்தது. தூக்கென்றால் ஹைகோர்ட்டு உறுதி செய்தாக வேண்டும். உறுதி செய்யும் முன்னால், இவன் எப்படி வளர்ந்தான், எப்படி வாழ்ந்தான், இவனிடம் திருந்துகிற குணம் ஏதும் உண்டா என்று விசாரித்து எழுதித் தரச் சொல்லியிருந்தது மதுரை ஹைகோர்ட்டு. அதற்குத்தான் வித்யாலட்சுமி அலைகிறாள்.

ஸ்வாதி யோசிக்காமல், "பேசுதேன்" என்று சொல்லிவிட்டாள்.

பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறிக் கமிஷன் கடை வைத்திருக்கும் அண்ணன் மகாராஜா காதுக்கு அது போனதிலிருந்து வீடு வீடாக இல்லை. "அந்தப் பிள்ள வாயில இருந்து அவனப் பத்தி நல்லதா ஒரு வார்த்த வந்துச்சுன்னா, அதுக்குப் பொறவு உன் வீட்டுப் படிய நான் மிதிக்க மாட்டேன். இப்பமே சொல்லிப்புட்டேன்" என்று போனில் சொல்லியிருந்தான்.

"உமா."

விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுத் திரும்பினாள். குடையைப் பிடித்துக்கொண்டு மங்களேஸ்வரி நின்றாள். நம்பிராஜனின் அக்கா. முன்பெல்லாம் கல்யாணம், சடங்கு என்றால் முதல் ஆளாக வந்து அடுப்படியில் நிற்கிறவள். ஆறு வருஷத்தில் ஆள் பாதியாகியிருந்தாள்.

உமாராணி கூட நின்ற போலீஸ்காரப் பிள்ளையிடம் ஜாடை காட்டிவிட்டு, மங்குஸ்தான் விற்கிற கடைகளுக்குப் பின்னால் அவளைக் கூட்டிக்கொண்டு போனாள்.

"இங்கன எதுக்கு வந்தீங்க?"

"வீட்டுக்கு வந்தா பிள்ள பாத்திரும். ஸ்டேஷனுக்கு வந்தா நாலு பேரு கேப்பாவ. இங்கனன்னா குளிக்க வந்தவன்னு நினைச்சுக்கிடுவாவ."

"டூட்டில நிக்கேன். சொல்லுங்க."

மங்களேஸ்வரி குடையை மடக்கினாள். மடக்க வேண்டிய அவசியமே இல்லை, தூறல் விழுந்துகொண்டுதான் இருந்தது. "அவன உசுரோட விடுங்கன்னு கேக்க வரல்ல உமா. அதக் கேக்குத வாய் எனக்குக் கிடையாது. அந்தச் சின்னப் பய மணிமுத்து என் மடியிலதான் தூங்குவான். கடைசியா ஒரு தடவ மூஞ்சியப் பாக்க வந்தேன். உங்க அண்ணன் விடல்ல. அதுவும் நியாயந்தான்."

உமாராணி விசிலைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"அந்த ஆபீசர் எங்கிட்டயும் வந்தாவ. நான் சொன்னா கூடப்பிறந்தவ சொல்லுதான்னு தள்ளிருவாவ, இல்லையா? அதுக்கு மேல இவன் வேற. வக்கீல்ட்ட, எனக்காக ஒண்ணும் பேசாதீங்க, சீக்கிரம் முடிச்சு விடுங்கன்னுட்டானாம். போன மாசம் பாளையங்கோட்டை ஜெயிலுக்கு மனு போட்டுப் பாக்கப் போனேன். 'இனிமே வராத அக்கா'ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டான். சாகணும்னு இருக்கான்."

"அப்ப அவனே ஒத்துக்கிட்டான். பொறவு என்ன?"

"அவன் ஒத்துக்கிட்டான். நான் ஒத்துக்கிடல." மங்களேஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள். "சாகுதது லேசு உமா. ஒரு விடியக்காலம், அதோட அவனுக்கு எல்லாம் தீர்ந்துபோகும். நமக்குத் தீருமா? தெனமும் எந்திரிச்சு, நாம இன்னதச் செஞ்சோம்னு நினைச்சுக்கிட்டே அவன் இருக்கணும். எழுவது வயசு வரைக்கும் இருக்கணும். அவன் சாகக் கூடாதுன்னு நான் சொல்லுதது பாசத்துல மட்டும் இல்ல."

"ஸ்வாதிட்ட இதச் சொல்லச் சொல்லுதீங்களா?"

"ஐயையோ, அவகிட்ட யாரும் ஒண்ணும் சொல்லிக் குடுக்க வேண்டாம். உங்க அண்ணன் சொல்லிக் குடுத்ததையும் சொல்ல வேண்டாம், நான் சொல்லிக் குடுத்ததையும் சொல்ல வேண்டாம். அவளுக்கு என்ன தெரியுமோ அதச் சொல்லட்டும். அப்படிச் சொல்ல விட்டு, நீ பக்கத்துல நில்லு. அதக் கேக்கத்தான் வந்தேன்."

அவ்வளவுதான். குடையை விரித்துக்கொண்டு பஸ்ஸைப் பார்க்கப் போய்விட்டாள்.

உமாராணி மறுபடி அருவிக்கரையில் வந்து நின்றாள். பதினாலு வருஷ சர்வீஸில் எத்தனையோ கேஸ் பார்த்திருக்கிறாள். செய்யாதவன் தலையில் கட்டிய கேஸும் பார்த்திருக்கிறாள். தப்பான ஆளைத் தூக்கில் போட்டுவிட்டால் திரும்ப எடுத்துக் கொடுக்க முடியாதே என்று கூட வேலை பார்க்கிறவர்களோடு வாதாடியிருக்கிறாள். ஆனால் அந்தப் பேச்செல்லாம் இங்கே செல்லாது. நம்பிராஜன் கேஸில் சந்தேகம் என்று ஒரு இழை கிடையாது. செய்தவன் அவன்தான். செய்துவிட்டு அதே வாசலில் உட்கார்ந்திருந்தவனை ஊரே பார்த்தது.

அதனால்தான் கேள்வி நெஞ்சில் நேராக வந்து நின்றது. செய்தவன்தான் என்று தெரிந்த ஒருத்தனைக் கொல்லலாமா?

இது போதாதென்று இன்னொன்றும் அவளைக் கொஞ்ச நாளாக அரித்துக்கொண்டிருந்தது. தூக்கு என்று எழுதுகிறவர் எழுதிவிடுவார். ஒரு நாள் விடியக்காலம் நாலைந்து காக்கிச் சட்டைக்காரர்கள் அவனை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். கையைக் கட்ட வேண்டும். முகத்தை மூட வேண்டும். ஆர்டர் வந்திருக்கும், செய்துதான் ஆக வேண்டும். அப்புறம் அவர்களும் வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு ஷூ மாட்டி ஸ்கூலுக்கு அனுப்புவார்கள். அந்த ஆர்டர் எனக்கு வந்தால் நான் செய்வேனா?

அக்காவின் முகம் ஞாபகம் வந்தால், செய்வேன் என்று தோன்றியது. ஸ்வாதியின் முகம் ஞாபகம் வந்தால் கை வரவில்லை.

வீட்டுக்கு வந்தபோது ஸ்வாதி காலேஜிலிருந்து வந்து, தலையைத் துவட்டி, டீ போட்டு வைத்திருந்தாள். ஆபீசர் உட்கார நாற்காலியைத் துடைத்துப் போட்டிருந்தாள். உமாராணி யூனிபார்மை மாற்றிக்கொண்டு வருவதற்காகக் காத்திருந்தவள் போல, தம்ளரைக் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சித்தி, காலேஜ்ல போன மாசம் பட்டிமன்றம் வச்சாங்க. தூக்குத் தண்டனை தேவையா, தேவையில்லையான்னு."

உமாராணி தம்ளரை வைத்துவிட்டாள். "நீ எங்கிட்டச் சொல்லவே இல்லையே."

"கிளாஸ்ல யாருக்கும் என்னப் பத்தித் தெரியாதுல்லா. போய் உக்காந்திருந்தேன். தேவைன்னு ஒருத்தி பேசுனா. ரொம்ப நல்லாப் பேசுனா. செத்துப்போனவங்களுக்கு யாரு பேசுவாங்கன்னு கேட்டா. எல்லாரும் கை தட்டுனாங்க. நானும் தட்டுனேன்."

"பொறவு?"

"தேவையில்லன்னு அடுத்தவ பேசுனா. கொல்லுதது தப்புன்னு சொல்லிக் குடுக்க அரசாங்கமே கொல்லலாமான்னு கேட்டா. அவளுக்கும் தட்டுனேன்." ஸ்வாதி லேசாகச் சிரித்தாள். "எது ஜெயிச்சுதுன்னு கேக்காம எந்திரிச்சு வந்துட்டேன்."

உமாராணி தம்ளரை மறுபடி எடுத்தாள்.

"சித்தி, அப்பாவப் பத்தி நல்லது சொன்னா அது அம்மாவுக்குத் துரோகமா?"

"அப்பா" என்று அவள் சொல்லி ரொம்ப நாளாகிவிட்டது. உமாராணிக்கு அது சுருக்கென்றது. மறைக்காமல் சொன்னாள். "துரோகம் இல்ல. நீ சொல்லக் கேக்க எனக்குக் கஷ்டமா இருக்கும். அது என் கஷ்டம். அதுக்காக நீ ஒண்ணையும் முழுங்க வேண்டாம்."

"சொல்லாம விட்டு, அவரத் தூக்குல போட்டுட்டா?"

வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது.

மகாராஜா தன் லோடு ஆட்டோவைத் தெருவை அடைத்து நிறுத்திவிட்டு இறங்கினான். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. கடையை அந்த நேரத்தில் விட்டுவிட்டு வருகிற ஆளே இல்லை. உள்ளே வந்து ஸ்வாதியின் தலையில் கை வைத்தான். அந்தப் பிள்ளையிடம் அவனுக்குக் கோபமே வராது. அவள் பீஸ் கட்ட வேண்டும் என்றால் கேட்பதற்கு முன்னால் வந்து நிற்பான்.

"என்னம்மா, பயமா இருக்கா? பயப்படாத. அவன் உங்கம்மாவ அடிச்சது, மிதிச்சது எல்லாம் சொல்லு. மாமா பக்கத்துலயே இருக்கேன்."

"சரி மாமா."

வித்யாலட்சுமி சொன்ன நேரத்துக்கு வந்தாள். நாற்பது வயசிருக்கும். குரலில் அதிகாரம் கிடையாது. டீயை வாங்கிக் குடித்துவிட்டு, பேனாவை எடுத்துக்கொண்டு சொன்னாள். "ஸ்வாதி, தூக்கு வேணுமா வேண்டாமான்னு உன்கிட்டக் கேக்க நான் வரல. அந்தக் கேள்விய யாரும் உன்கிட்டக் கேக்கவும் கூடாது. அது ஜட்ஜோட வேலை. உங்க அப்பா எப்படிப்பட்ட ஆளு, வீட்ல எப்படி இருந்தாரு, அது மட்டும் சொன்னா போதும்."

"ரெண்டும் ஒண்ணுதான மேடம்?" என்றாள் ஸ்வாதி.

வித்யாலட்சுமி பேனாவைக் கீழே வைத்தாள். "ஒருவகையில் ஆமா" என்று ஒத்துக்கொண்டாள்.

"இதுல கேக்க என்ன இருக்கு?" மகாராஜா நடுவில் வந்தான். "ரெண்டு உசுரு போயிருக்கு. பச்சப் பிள்ளைய வெட்டுனவன். அவன் எப்படிப்பட்ட ஆளுன்னு அதுலயே தெரியலயா உங்களுக்கு?"

"உங்க கோபம் புரியுது சார். ஆனா அவங்க தனியாப் பேசுனா நல்லது."

"நான் இங்கனதான் இருப்பேன்."

ஸ்வாதி சித்தியைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்காகத்தான் மங்களேஸ்வரி குற்றாலம் வரைக்கும் வந்திருக்கிறாள் என்று உமாராணிக்குப் பட்டது. எழுந்தாள்.

"ண்ணே, நீ வா. நாம வெளிய நிப்போம்."

"நான் எதுக்கு?"

"வா ண்ணே."

அது ஏட்டு உமாராணியின் குரல். மகாராஜா முறைத்துக்கொண்டே துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வெளியே வந்தான்.

தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. தூறல் விட்டிருந்தது. ஜன்னலுக்குப் பக்கத்தில், லோடு ஆட்டோவில் சாய்ந்துகொண்டு இரண்டு பேரும் நின்றார்கள்.

"உமா, நீ எனக்கு ஒரு வாக்குக் குடுத்த."

"ஞாபகம் இருக்கு."

மறக்கக்கூடியதா அது? பெரியாஸ்பத்திரி வாசலில், இரண்டு உடல்களையும் உள்ளே கொண்டு போன அன்றைக்கு, இதே மகாராஜா வண்டியிலிருந்து அரிவாளை எடுத்துக்கொண்டு போலீஸ் ஜீப்பைப் பார்த்து நடந்தான். ஜீப்பில் நம்பிராஜன் இருந்தான். நாலு போலீஸ்காரர்கள் பிடித்தும் நிற்கவில்லை. உமாராணி முன்னால் போய் நின்று அவன் நெஞ்சில் கை வைத்தாள். "கோர்ட்டு அவனத் தூக்குல போடும்ணே. நான் வாங்கித் தாரேன். இந்த யூனிபார்ம் மேல சத்தியம்" என்றாள். அந்த ஒரு சொல்லுக்குத்தான் அவன் அரிவாளைக் கீழே போட்டான்.

"அன்னிக்கு நீ அதச் சொல்லலன்னா, அங்கனயே முடிச்சிருப்பேன்."

"முடிச்சிருப்ப. பொறவு உன்ன ஜெயிலுக்குக் கூட்டிட்டுப் போகுத வண்டில நான்தான் ஏறியிருப்பேன். உன் மகன் தகப்பன் இல்லாம நின்னிருப்பான். அத நினைச்சுத்தான் வாயில வந்ததச் சொன்னேன். இப்ப நினைச்சா, அதச் சொல்ல நான் யாருன்னு இருக்கு."

"அப்ப வாக்கு மாறுத."

"மாறுதேனான்னு எனக்கே தெரியல்லண்ணே. அவன் சாகணும்னு ஒரு நேரம் இருக்கு. அவன் செத்தா நம்ம பிள்ள மணிமுத்து என்ன நினைப்பான்னு ஒரு நேரம் இருக்கு." சொல்லிவிட்டு, மங்களேஸ்வரி வந்ததையும் சொன்னாள். நம்பிராஜன் தனக்காகப் பேச வேண்டாம் என்று வக்கீலிடம் சொன்னதையும் சொன்னாள். சொன்னால் அண்ணன் மனசு கொஞ்சம் அசையும் என்று உள்ளுக்குள் ஒரு எண்ணம் இருந்தது.

மகாராஜா அசையவில்லை. "அவன் கேக்கான், நானும் கேக்கேன். ரெண்டு பேரும் ஒண்ணத்தான கேக்கோம்? குடுத்துட்டுப் போக வேண்டியதுதான."

அவனே கொஞ்சம் பொறுத்துச் சொன்னான். குரல் இறங்கியிருந்தது. "ஏட்டி, அவன் கழுத்துல கயிறு விழுததப் பாக்கணும்னு எனக்கு ஆசையா? இல்ல. எனக்குத் தூக்கம் கிடையாது. கடையில உக்காந்தா உக்காந்தபடி கண்ணு சொக்கும், வீட்ல படுத்தா வராது. அவன் எங்கனயோ மூச்சு விட்டுக்கிட்டு இருக்கான்னு நினைப்பு வந்துரும். அதோட போச்சு."

"அவன் போயிட்டா தூக்கம் வந்துருமா?"

"யாருக்குத் தெரியும்? ஆறு வருஷமா அது ஒண்ணுதான பாக்கி இருக்கு எனக்கு."

உள்ளேயிருந்து ஸ்வாதியின் குரல் கேட்டது. ஜன்னல் பாதி திறந்திருந்தது. கேட்கக் கூடாது என்று உமாராணி நகரப் பார்த்தாள். மகாராஜா நகரவில்லை.

"...அடிப்பாரு மேடம். லாரி ஓட்டிட்டு வந்தா ரெண்டு நாள் நல்லா இருப்பாரு. பொறவு குடி. அம்மா கதவத் தாப்பா போட்டுக்கிட்டு உள்ள இருப்பா. எனக்குச் சைக்கிள் சொல்லிக் குடுத்தது அவருதான். சீட்டப் பிடிச்சுக்கிட்டே பின்னால ஓடி வருவாரு. காலையில அம்மாவ அடிச்ச அன்னிக்கும் சாயங்காலம் சொல்லிக் குடுத்தாரு. நானும் போனேன். சிரிச்சேன். அத நினைச்சா எனக்கு என் மேலயே ஒரு மாதிரி வரும்."

"நீ சின்னப் பிள்ளதானம்மா."

"அவரு நல்லவரா கெட்டவரான்னு நீங்க கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல்ல. ரெண்டு ஆளா இருந்தா ஒரு ஆளக் காட்டிக் குடுக்கலாம். ஒரே ஆளுதான மேடம்."

மகாராஜா துண்டால் முகத்தைத் துடைத்தான்.

"வேற ஏதாவது ஞாபகம் இருக்காம்மா?"

"ஒண்ணு இருக்கு. ஆனா உறுதியாத் தெரியாது. ஐந்தருவிக்குக் குளிக்கப் போயிருந்தோம். ஒரு சின்னப் பையனத் தண்ணி இழுத்துட்டுப் போயிருச்சு. எல்லாரும் கத்துனாங்க. அப்பா பாறையில இருந்து குதிச்சு, அவன் முடியப் பிடிச்சு இழுத்துட்டு வந்தாரு. அப்பா நெத்தியெல்லாம் ரத்தம். கூட்டம் மறைச்சுக்கிட்டதால அந்தப் பையன் மூஞ்சிய நான் பாக்கல்ல. எனக்கு அப்ப ஆறு வயசு இருக்கும். நிஜமா நடந்துச்சா, நானா நினைச்சுக்கிட்டதான்னு கூடச் சந்தேகமா இருக்கு. அம்மா இருந்தா கேக்கலாம்."

பேனா நின்றது போலிருந்தது. வித்யாலட்சுமி மெதுவாகச் சொன்னாள். "உறுதியாத் தெரியாததை நான் எழுத முடியாதும்மா. வேற யாரும் பாத்தவங்க சொன்னாத்தான். பரவாயில்ல, விட்டுருவோம்."

உமாராணி அப்போது அண்ணனின் முகத்தை எதேச்சையாகத்தான் பார்த்தாள். இருபது வருஷமாக மார்க்கெட்டில் நாலு ஊர் வியாபாரிகளோடு பேரம் பேசி, எதையும் முகத்தில் காட்டாத மனுஷன் அவன். இப்போது உதடு துடித்தது.

"ண்ணே?"

அவன் அவளைத் தாண்டி வாசலுக்குப் போனான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். வித்யாலட்சுமியும் ஸ்வாதியும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஐந்தருவி இல்ல" என்றான். "பழைய குற்றாலம்."

அவன் நிலையை விடவில்லை.

"நடந்தது நிஜந்தான். அந்தப் பையன் வேற யாருமில்ல. எம்மகன் செந்தில்வேல். நான் தலையத் துவட்டிக்கிட்டு நின்னேன். இங்கன நின்னவன் அங்கன போயிட்டான். எனக்குக் காலே வரல்ல. நின்னுட்டேன். பெத்த தகப்பன் நான் நின்னுட்டேன். அவன்தான் குதிச்சான்." நிலையிலிருந்து கையை எடுத்தான். "அப்ப செந்திலுக்கு நாலு வயசு."

ஸ்வாதி எழுந்து நின்றுவிட்டாள்.

உமாராணிக்கு இது ஒன்றுமே தெரியாது. அந்தச் சமயம் அவள் வேலையில் சேர்ந்த புதுசு, வெளியூரில் டூட்டியில் இருந்தாள். பிள்ளை தண்ணீரில் போன சங்கதி வயசான அம்மாவுக்குத் தெரிந்தால் நெஞ்சு வெடித்துவிடும் என்று, அண்ணனும் மதினியும் அக்காவும் நம்பிராஜனும் நாலு பேருக்குள் பேசி அமுக்கியிருக்கிறார்கள். நாலு பேரில் ஒருத்தி போய்விட்டாள். ஒருத்தன் ஜெயிலில் இருக்கிறான். மதினி வாயை அண்ணன் கட்டிப்போட்டிருப்பான்.

வித்யாலட்சுமி நிதானமாகக் கேட்டாள். "சார், இதை நீங்க ஒரு வாக்குமூலமா எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீங்களா?"

"நான் அவனக் காப்பாத்த இதச் சொல்லல."

"தெரியுது."

"பிள்ள, பொய்யோ நிஜமோன்னு முழிச்சுக்கிட்டு நின்னா. நிஜம்னு சொன்னேன். அவ்வளவுதான். அவன் சாக வேண்டியவன். அதுல எனக்கு மாத்தமில்ல."

"அப்படியே எழுதிக் கொடுங்க. ரெண்டையும் எழுதுங்க. நான் திங்கட்கிழமை மதுரைக்கு அனுப்பணும்."

ஸ்வாதி அவன் பக்கத்தில் வந்து, "மாமா" என்று கையைப் பிடிக்கப் பார்த்தாள். அவன் கையை உதறவில்லை, கொடுக்கவும் இல்லை. திரும்பிப் போய் வண்டியில் ஏறினான். அந்தக் குறுகலான தெருவில் வண்டியைத் திருப்ப மூன்று தடவை முன்னும் பின்னும் போக வேண்டியிருந்தது. அதுவரைக்கும் யார் முகத்தையும் பார்க்காமல் ஸ்டீயரிங்கை ஒடித்துக்கொண்டே இருந்தான்.

வித்யாலட்சுமி போகும்போது உமாராணியிடம் தன் போன் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போனாள். "வற்புறுத்தாதீங்க. அவரா வந்தா வரட்டும்."

விளக்கு வைக்கிற நேரத்துக்கு மறுபடி சாரல் பிடித்துக்கொண்டது. ஸ்வாதி சாப்பிட மாட்டேன் என்றாள். உமாராணி வற்புறுத்தி இரண்டு தோசை வார்த்து வைத்தாள். அதைப் பிட்டுப் பிட்டு வைத்துக்கொண்டே ஸ்வாதி கேட்டாள்.

"சித்தி, நான் அவரப் பாளையங்கோட்டைக்குப் போய்ப் பாத்தா நீ வருத்தப்படுவியா?"

"வருத்தப்படுவேன். ஆனா கூட்டிட்டுப் போவேன்."

"பாத்து, ஏன் இப்படிச் செஞ்சீங்கன்னு கேக்கணும். இத்தன நாளா யாருமே அவர்ட்ட அதக் கேக்கலல்லா? கோர்ட்டு கேட்டது வேற. நான் கேக்கணும். கேக்குததுக்கு அவரு இருக்கணும்ல சித்தி?"

அவள் அழுதுகொண்டு சொல்லவில்லை. ரொம்ப நாள் யோசித்து வைத்ததைச் சொல்வது போலச் சொன்னாள். தூக்கு வேண்டாம் என்று அவள் வாயிலிருந்து வரவில்லை. வந்தது இவ்வளவுதான். உமாராணி அவள் முதுகில் கை வைத்தாள்.

போன் அடித்தது. மகாராஜா.

பின்னால் மார்க்கெட்டில் லோடு ஏற்றுகிற சத்தம் கேட்டது. கேரளா லாரிகள் கிளம்புகிற நேரம்.

"ண்ணே, பேசு."

"செந்தில்ட்ட சொல்லிட்டேன்."

"என்னன்னு?"

"உன்னத் தண்ணியில இருந்து எடுத்தது இன்னாருன்னு. சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். வீட்டுக்குள்ள போனேன், படிச்சுக்கிட்டு இருந்தான், அவன் தலையப் பாத்தேன். சொல்லிட்டேன்."

"என்ன சொன்னான்?"

யாரோ "அண்ணாச்சி, முருங்கைக்காய் எத்தன கட்டு?" என்று கேட்டதும், "போலே அங்கிட்டு" என்று அவன் விரட்டியதும் கேட்டது.

"ஒண்ணும் சொல்லல்ல. ரொம்ப நேரம் சும்மா இருந்தான். பொறவு, 'அப்பா, மாமாவ எப்பத் தூக்குல போடுவாங்க'ன்னு கேட்டான்." குரல் உடைந்தது. "மாமான்னுட்டான்ட்டி அவன. இந்த வீட்ல அந்தச் சொல்லச் சொல்லி எத்தன வருஷமாச்சு. அவன் பாட்டுக்கு மாமான்னுட்டான்."

எதிரில் ஸ்வாதி தட்டில் கை வைத்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த ஆபீசர் அம்மா நம்பர அனுப்பு."

"எழுதிக் குடுக்கப் போறியாண்ணே?"

"தெரியல்ல. நீ கேக்காத. அனுப்பு."

போனை வைத்துவிட்டான். உமாராணி நம்பரைத் தேடி எடுத்து அனுப்பினாள். அனுப்பியது போய்ச் சேர்ந்தது. உடனே பார்த்துவிட்டான். பதில் எதுவும் வரவில்லை.